எந்தக் கிழமை என்று கேட்டவருக்கு

முப்பத்தாறு ஆண்டுகள் எங்கள் மருத்துவமனையின் மருந்தகத்தை ஆண்டவரே! கனிவும் கண்டிப்பும் கைகோத்த கைராசிக்காரரே! கோபம் வந்தாலும் குரல் உயர்த்தாத குணவாளரே! நோயாளிகளின் நாவில் ‘சொல்லுங்க சார்’ என்றும், உங்கள் முதுகுக்குப் பின்னால் எங்கள் நாவில் ‘இன்னொரு தடவை’ என்றும் இரட்டைப் பட்டம் பெற்ற எங்கள் தலைமை மருந்தாளுநரே! இன்று பணி நிறைவு பெறும் உங்களை வணங்குகிறோம்.

முறைப்படி ஒரு பாராட்டு மடலில் பாராட்டு மட்டுமே இருக்க வேண்டும். அப்படித்தான் எழுதத் தொடங்கினோம். போன வாரம் நீங்கள் மருந்து கொடுக்கும் இரண்டாம் ஜன்னலுக்கு வந்து, இதை எழுதப் பணிக்கப்பட்ட என்னிடம், “என்ன வேணா எழுதுங்க. ஆனா அந்தத் தையல்காரம்மா விஷயத்தை விட்டீங்கன்னா மேடையை விட்டு இறங்கிப் போயிடுவேன்” என்றீர்கள். சொன்னதைச் செய்கிற ஆள் நீங்கள். தம் பாராட்டு மடலில் தம் பிழையைச் சேர்க்கச் சொல்லி மிரட்டிய மனிதரை எங்கேனும் கண்டதுண்டா! பணிந்தோம் ஐயா, எழுதுகிறோம். ஆனால் பிடிவாதம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. முதலில் பாராட்டிவிட்டுத்தான் அதற்கு வருவோம்.

தாம் எழுதியதைத் தாமே படிக்க முடியாத மருத்துவர்கள் தயங்கித் தயங்கி உங்கள் ஜன்னலில் வந்து நின்ற நாள்களை எண்ணி மாளாது. மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது காலாவதித் தேதி பொறித்த மூலையைக் கடைசிவரை விட்டுவைப்பீர்கள். எழுத்தறியாதவர்களுக்குக் கவரின் மேல் காலைக்கு அரைச் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை என்று வரைந்து கொடுப்பீர்கள். சூரியன் பழுதில்லை. பிறையைப் பார்த்து ஒரு பெரியவர், “சார், இது என்ன, அரிவாளா?” என்று கேட்டது இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். மறுநாளிலிருந்து பிறைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் சேர்ந்துகொண்டது; அதுவும் சிலந்தி மாதிரிதான் இருந்தது.

இல்லறத்திலும் இணையற்றவரே! தொலைபேசி நிலையத்தில் காலைப் பணிக்குப் போன உங்கள் துணைவியார் விடியுமுன் கிளம்பிவிட, மகளுக்குப் பத்து ஆண்டுகள் தலைவாரிப் பின்னல் போட்டது நீங்கள். மகப்பேறு வார்டின் செவிலியர் அக்காவிடம், உணவு இடைவேளையில், மூன்று கட்டுத்துணிப் பட்டைகளை வைத்துப் பின்னல் பழகினீர்கள். மகனுக்குக் கணக்குப் புரியாத நாள்களில் மாத்திரை எண்ணும் தட்டைப் போல ஓர் அட்டைத் தட்டு செய்து, புளியங்கொட்டைகளை ஐந்தைந்தாகத் தள்ளிச் சொல்லிக்கொடுத்தீர்கள். வீட்டு மிளகாய்ப்பொடி டப்பாவிலும் திறந்த தேதி எழுதியிருக்குமாம். “இந்த மனுஷன் வீட்டுக்கு வந்தாலும் கவுண்டர்லதாங்க உக்காந்திருக்கார். தயிர் வாங்கிட்டு வாங்கன்னா, சரி, என்ன வாங்கணும்னு நீ ஒரு தடவை சொல்லுங்கறார்” என்று அம்மையார் எங்களிடம் அலுத்துக்கொண்டபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நாங்கள் பார்த்தோம்.

இனி, நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறோம்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, மூட்டுவாதத்துக்காகத் தையல்காரம்மா ஒருவர் மருந்துச் சீட்டோடு உங்கள் ஜன்னலுக்கு வந்தார். வாரத்துக்கு ஒன்று மட்டும் போட வேண்டிய மாத்திரை அது. நாள்தோறும் போட்டால் இரத்தத்தையே கெடுத்து உயிருக்கு உலை வைக்கும். அந்த மாத்திரைக்கு, “உங்களுக்கு எந்தக் கிழமை வசதி?” என்று கேட்டு, அந்தக் கிழமையின் பெயரைக் கவரில் எழுதுவது உங்கள் வழக்கம். அன்று வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. காலையிலிருந்து முந்நூறு கவர்களில் ‘தினம் ஒன்று’ என்று எழுதிய கை, முந்நூற்று ஒன்றாவதிலும் அதையே எழுதியது. அம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு நண்பகல். மகளின் புதிய பள்ளி அட்டவணையை நீங்கள் அட்டையில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தீர்கள். திங்கள், செவ்வாய், புதன் என்று வந்து, வியாழன் என்று எழுதியதும் பேனா நின்றதாக அம்மையார் சொல்கிறார். இந்த வாரம் யாரிடமும் கிழமை கேட்கவில்லையே! வாரத்துக்கு ஒன்று எழுதிய சீட்டு வந்ததே! “என்னங்க ஆச்சு?” என்ற மனைவியிடம், “ஒரு அம்மாவுக்குத் தப்பா எழுதிக் குடுத்துட்டேன்” என்று மட்டும் சொல்லிச் செருப்பைத் தேடினீர்கள். அவர் அடுப்பை அணைத்தார். நால்வருமாகக் கிளம்பினீர்கள்.

மருந்தகப் பதிவேட்டில் இருந்தது வயதும், ‘சந்தைப் பின்தெரு’ என்ற இரண்டு சொல்லும்தான். சந்தைக்குப் பின்னால் மூன்று தெருக்கள்! மகனோடு நீங்கள் ஒருபுறம், மகளோடு அம்மையார் மறுபுறம், கதவு கதவாகத் தட்டினீர்கள். “மூட்டு வலிக்காரங்களா? எங்க வீட்லயே மூணு பேர் இருக்கோம், உங்களுக்கு எது வேணும்?” என்று ஒரு வீட்டில் கேலி செய்தார்களாம். மூன்றாம் தெருவில், ஒரு வாசல் ஓரம் பெருக்கித் தள்ளியிருந்த துணித் துணுக்குகளை அம்மையார்தாம் கண்டார். “என்னங்க, இங்க வாங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

தையல்காரம்மா நான்கு மாத்திரை போட்டு முடித்திருந்தார். வாயெல்லாம் புண். சூடாகத் தேநீர் குடித்ததால் வந்தது என்று நினைத்திருந்தார்.

“அம்மா, மருந்து குடுத்தவன் நான்தான். இப்பவே என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

“ஏம்பா, நீ எழுதினபடிதானே போட்டேன்?”

“அதாம்மா தப்பு. நான் எழுதினதுதான் தப்பு.”

மாற்று மருந்து ஏறியது. பதினொரு நாள் அந்த அம்மா வார்டில் கிடந்தார். முதல் நான்கு நாள் மருத்துவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. பதினொரு நாளும் உங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது. பணி முடிந்ததும் அவர் கட்டில் பக்கத்து முக்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். அம்மா பிழைத்தார். அப்பாடா என்று நாங்கள் மூச்சுவிட்ட பிறகுதான் விசாரணை வந்தது. “நோயாளி தப்பா படிச்சிட்டாங்கன்னு எழுதிடலாமே” என்று அதிகாரி பரிவோடுதான் வழி சொன்னார். “அவங்க சரியாத்தான் சார் படிச்சாங்க. நான் எழுதினதைத்தான் படிச்சாங்க” என்றீர்கள். ஆறு ஆண்டுகள் பதவி உயர்வு தள்ளிப்போனது. இதைச் சொல்லி நீங்கள் ஒருநாளும் புலம்பியதில்லை.

ஐயா, நீங்கள் எழுதச் சொன்னது இதுவரைதான். எழுதச் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வியாழக்கிழமை வரிசை ஏன் தெருவுக்குப் போயிற்று? இரண்டாம் ஜன்னல் மூடியிருந்தது. அதில் உட்கார வேண்டிய நான், யாரிடமும் சொல்லாமல், மச்சான் வீடு மாற்றுவதற்குச் சாமான் ஏற்றப் போயிருந்தேன். “ஏன் ஒரே ஜன்னல் திறந்திருந்தது?” என்று அதிகாரி கேட்டபோது நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “ஜன்னல் ஒண்ணோ ரெண்டோ, எழுதின கை என்னுதுதானே சார்” என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். வெளியே வந்து என்னைத் திட்டுவீர்கள் என்று நின்றேன். “சாப்டியா?” என்று கேட்டீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்ததை இன்று எல்லோர் முன்னிலையிலும் வாசித்துவிட்டேன். மன்னியுங்கள். இப்போது நீங்கள் மேடையை விட்டு இறங்கக் கூடாது.

அதன் பிறகு வந்ததுதான் ‘சொல்லுங்க சார்’ காலம். கவரைக் கையில் பிடித்துக்கொண்டே, “எப்ப போடணும், நீங்க சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்டு, அவர்கள் வாயால் சொன்ன பிறகே கொடுப்பீர்கள், தடுமாறினால், “இன்னொரு தடவை.” வரிசை முணுமுணுத்தது, நாங்களும் முணுமுணுத்தோம். அந்தக் கேள்வியில் அகப்பட்டுத் திருத்தப்பட்ட பிழைகள் எத்தனையோ! அவற்றில் பதினேழு என் கையால் எழுதியவை.

தையல்காரம்மா இன்றும் மாதந்தோறும் வருகிறார். இதோ, முன்வரிசையில் உங்கள் துணைவியார் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். போன வாரம் கடைசி முறையாக உங்கள் ஜன்னலுக்கு வந்தபோது, “எந்தக் கிழமைம்மா?” என்று கேட்டீர்கள். “வியாழன், வியாழன் மட்டும்” என்றவர், கவரை வாங்காமல் நின்று, “அடுத்த மாசம் யாருப்பா கேப்பா?” என்றார். நீங்கள் திரும்பி எங்களைப் பார்த்தீர்கள். நாங்கள் ஆறு பேரும் கவர் அடுக்குவது போலக் குனிந்துகொண்டோம். வெட்கமாக இருந்தது.

பெருந்தகையீர்! நோய் நொடி நெருங்காமல், நூறாண்டு கடந்தும், பேரப்பிள்ளைகளுக்கும் பின்னல் போட்டு, தயிர் வாங்கப் போகும் முன் அம்மையாரிடம் ஆயிரம் முறை கேட்டு, அகமகிழ்ந்து வாழ்வீர்களாக! போன வாரம் அந்த அம்மாவுக்கு நாங்கள் சொல்லாத பதிலை இன்று அவர் காதில் விழும்படி உரக்க வாசித்து, சட்டமிட்டு உங்கள் கையில் தருகிறோம்.

அம்மா, நாங்க கேப்போம்.

எழுதியவர்: இரண்டாம் ஜன்னல்
சரிபார்த்தவர்: மூன்றாம் ஜன்னல்
இன்னொரு தடவை சரிபார்த்தவர்கள்: மருந்தகப் பணியாளர்கள் அனைவரும்