காது கீறுகிறவன்

எருமைக்குக் காது கீறுவதில் வட்டக்கச்சிப் பக்கத்தில் என்னை விட்டால் ஆளில்லை, ஐயா. உடம்பு வீங்கித் தீன் தின்னாமல் படுத்த மாட்டைக் காலைக் கட்டி விழுத்தி, காதோரத்தில் கத்தியை வைத்தால் கெட்ட இரத்தம் கறுப்பாக ஒழுகும். சிவப்பு வந்ததும் சாம்பலை அப்பிவிட்டால் போதும். பின்னேரம் எழும்பி வைக்கோல் தின்னும். எந்த மாட்டிலும் எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஏரம்புவிலும் இருக்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏரம்பு வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன். பருத்தித்துறையிலிருந்து ஒரே லொறியில் வந்து, ஒன்றாகக் காணி பெற்று, ஒன்றாகக் காடு வெட்டினோம். பெண்சாதி பிள்ளை இல்லாதவன். என் பெண்கள் இருவரையும் மாறி மாறித் தோளில் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையெல்லாம் சுற்றுவான். "அப்புத்துரை அண்ணை, உங்கடை பெட்டையள் என்ரை பெட்டையள்தான்" என்பான். தங்கமான மனுசன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

குளிர்காய்ச்சல் ஒழிந்துவிட்டது என்று வீடுகளுக்கு மருந்தடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். போன மாரியில் அது திரும்பி வந்தது. மூத்தவள் சிவனேஸ்வரி பாயில் கிடந்து நடுங்கினாள். சாக்குகளைப் போட்டு மூடி, அதற்குமேல் நான் அணைத்துப் படுத்தும் நடுக்கம் நிற்கவில்லை. காய்ச்சலுக்குக் குளிசை கொடுத்தோம். செத்துப்போனாள். அவளுடைய சட்டையை என் மனுசி இராசமலர் இளையவளுக்குப் போட்டுவிட்ட அன்று, இவளையாவது விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மலேரியா ஓவசியர் சிற்றம்பலம் வந்து, எல்லார் விரலிலும் குத்திக் கண்ணாடித் துண்டுகளில் இரத்தம் எடுத்தார். விளக்கம் சொல்வதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. வாசிகசாலை மேசையில் நுணுக்குக்காட்டியை வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கல் வைத்த மோதிரங்கள்போலச் சின்னச் சின்ன வளையங்கள்.

"இதுதான் அண்ணை காய்ச்சல்" என்றார்.

"அசையேல்லையே. செத்திட்டுதோ?"

"வெளியிலை வந்தாச் செத்திடும். உடம்புக்குள்ளை இருந்தாத்தான் பெருகும்."

"ஆரின்ரை இரத்தம்?"

"ஏரம்புவின்ரை. ஆளுக்குக் காய்ச்சலே இல்லை, பாருங்கோ! இப்பிடிச் சில பேர் உள்ளுக்கை வைச்சுக்கொண்டு திரிவினம். கடிக்கிற நுளம்பு வெறும் வண்டில்தான். மூட்டை மனுசனுக்குள்ளை கிடக்கு."

பெரிய அதிசயத்தைக் காட்டிவிட்ட சந்தோசத்தில் அவர் சிரித்தார். இத்தனை காலமும் பேயென்றும் பனியென்றும் பயந்திருந்தோம். அதுவோ வேலிக்கு அப்பால் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தால், அவன் தோளில் என் இளையவள். அவன் கழுத்து நரம்பு துடிக்கிறது, அதில் பிள்ளையின் கால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இறக்கிவிடச் சொல்லி விசயத்தைச் சொன்னேன்.

"சும்மா போங்கோ அண்ணை, எனக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. ஓவசியர் குளிசை தந்தவர், விழுங்கிறன்" என்றான்.

சிவனேஸ்வரியும் குளிசை விழுங்கியவள்தான்.

அடுத்த நாள் மத்தியானம், எருமையொன்றை விழுத்தவேண்டும், ஒரு கை பிடி என்று கூப்பிட்டேன். சாப்பாட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உடனே வந்தான். கயிற்றை எடுக்கக் குனிந்தபோது உலக்கையால் பிடரியில் அடித்தேன். விழுந்தவனை, மாட்டைக் கட்டுகிற மாதிரியே கையையும் காலையும் சேர்த்துக் கட்டினேன். இரண்டு காதையும் கீறினேன். கறுப்பு வரவில்லை. சிவப்பாகக் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. மனுசனுக்குக் காது சின்னது, அது என் யோசனையில் வராமல் போயிற்று.

அவன் கண் விழித்தான். "அண்ணை, என்ன செய்யிறியள்?"

"பொறடாப்பா, கெட்டது போகட்டும்" என்றேன்.

மணிக்கட்டுகளை வெட்டினேன். பிறகு தொடைகளை. கத்தினான், என் பெயரைச் சொல்லிக் கெஞ்சினான், உருண்டான். நான் போட்ட முடிச்சு எருமைக்கே அவிழாது. கறுப்பு அப்போதும் வரவில்லை. கழுத்தைக் கடைசியாகத்தான் வெட்டினேன். சாம்பல் ஒரு சட்டி நிறையப் பக்கத்தில் இருந்தது, ஐயா. உங்கள் பொலிசாரே கண்டார்கள். கொல்ல நினைத்தவன் சாம்பல் எடுத்து வைப்பானா? வெயிலில் காய்ந்தபின் மண்ணில் அவன் இரத்தம் கறுத்துக் கிடந்தது. கெட்டது உள்ளே இருந்ததற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

நேற்றுச் சிற்றம்பலம் இந்தக் காவலறைக்கு என்னைப் பார்க்க வந்தார். மிச்சக் கண்ணாடித் துண்டுகளையும் பார்த்து முடித்தாராம். என்னுடையதிலும் அதே மோதிரங்களாம், ஏரம்புவினதைவிடவும் கூடவாம். "மூத்த பிள்ளைக்கு ஆரிலை இருந்து போனதெண்டு எனக்குத் தெரியாது அண்ணை" என்று சொல்லிவிட்டு அழுதார். பாவம், படித்த மனுசனுக்கும் கண் பிழைவிடும்.

இராசமலர் இளையவளோடு வாசலில் நிற்கிறாள். பிள்ளையை உள்ளே விட மறுக்கிறாளாம். நீங்கள் சொன்னால் கேட்பாள், ஐயா. ஒருக்கால் என் மடியில் இருத்தச் சொல்லுங்கள். எனக்கு ஒரு காய்ச்சலும் இல்லை.