கடைசி டிராக்கின் ஐந்தாவது டேக்

ஒலிப்பதிவு நடக்கும்போது ஸ்டூடியோவில் ஏசி போட மாட்டோம். அந்த உறுமலையும் மைக் பிடித்துக்கொள்ளும். எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டும். மாப்பிள்ளைக்கு வியர்த்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். பியானோ நான். டிரம்ஸ்காரர் மூலையில் ஒரு தடுப்புக்குப் பின்னால் இருந்தார். எனக்கு நேர் எதிரே நின்றபடி பேஸ் கிட்டார் வாசித்தவர் மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர். ஐம்பத்திரண்டு வயதில் என் பெயரில் வரப்போகும் முதல் ஜாஸ் ஆல்பம். வெட்டி ஒட்டக் கூடாது, ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும், பாதியில் நிறுத்தும் உரிமை எனக்கு மட்டும்தான். எல்லாம் நான் போட்ட சட்டம். "உத்தரவு மகாராஜா" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

கடைசி டிராக் நான்கு முறை சொதப்பியது. ஐந்தாவதற்கு முன், "மச்சான், நெஞ்சு என்னமோ பண்ணுது. கொஞ்சம் உக்காந்துக்கறேனே" என்றார்.

"இதை மட்டும் முடிச்சிடலாம் மாப்பிள்ளை."

அவர் மறுபேச்சு பேசவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

அந்த முறை, முப்பது வருடமாக என் கைக்கு வராதது வந்தது. நடுவில் பேஸ் தேய ஆரம்பித்தது. நான்கு சுரம் விழ வேண்டிய இடத்தில் இரண்டு, பிறகு ஒன்று. அது வேண்டுமென்றே விட்ட இடைவெளி போலக் கேட்கட்டும் என்று நானும் அடக்கி வாசித்தேன். பத்திரிகைகள் அந்த நிதானத்தைத்தான் பாராட்டின.

ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று இழுத்தார் டாக்டர்.

தங்கை தினமும் அந்த டிராக்கைப் போடுகிறாள். "கடைசியா எவ்வளவு உருகி வாசிச்சிருக்காரு பாருண்ணா" என்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அதைத் துக்கம் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொல்கிறாள். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசுகிறது.

ஒரே ஒரு முறை கேட்டாள், "நீ அவரைப் பார்க்கவே இல்லையாண்ணா?"

"கண்ணை மூடிட்டு வாசிச்சேன்மா" என்றேன்.

கண் திறந்துதான் இருந்தது. மாப்பிள்ளை இடது கையை பேஸிலிருந்து எடுத்து என்னை நோக்கித் தூக்கினார். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறார் என்று புரிந்தது. டிராக் அந்தச் சுற்றோடு முடிய வேண்டியது. நன்றாக வந்துகொண்டிருந்ததால், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இன்னும் மூன்று சுற்று வாசித்தேன்.