சொல்லிக்கொள்ளாமல் போகிற வீடு

சாயங்காலம் ஆறே முக்கால். கீழ்பென்னாத்தூர் ரோடு. மழை விட்டு மூன்று நாளாகியும் கரண்ட் வரவில்லை... கும்மிருட்டு. நம்ம ஊர் குமரேசன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்துகொண்டிருந்தான். கிளம்பும்போது தனியாகத்தான் கிளம்பினான்.

பகல் முழுக்க மலையடிவாரத்தில் சேறு வாரியவன். மண் சரிந்து மூடிய வீடு. நாலு பேரைப் பிணமாக எடுத்தாகிவிட்டது. அந்த வீட்டு ஜோதியம்மாளை மட்டும் காணோம். வாசல் நிலை மட்டும் சேற்றுக்கு மேலே நின்றது.

மொரிஷியஸிலிருந்து கோயில் பார்க்க வந்த காலேஜ் கூட்டம் ஒன்று, நாங்களும் வாருகிறோம் என்று கையுறை மாட்டிக்கொண்டு வந்தது. சும்மா வேலை செய்ய ஆள் கிடைத்தால் மேஸ்திரி விடுவானா? நாளைக்கு நீ வரவேண்டாம் என்று குமரேசனிடம் சொல்லிவிட்டான். மழையில் பத்து நாள் வேலையில்லாமல் கிடந்தவன். வயிறு எரிந்தது.

வேலை முடிந்ததும் அந்தக் கூட்டத்தில் கீதாஞ்சலி என்கிற பெண் அவனிடம் வந்தாள். முப்பாட்டன் காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய குடும்பம். முகம் நம்ம ஊர் முகம், தமிழ் மட்டும் இப்போதுதான் படிக்கிறாள். கிளம்பும்போது இங்கே என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள்.

எழவு வீட்டில் நாம் சொல்லிக்கொண்டா கிளம்புகிறோம்? வாயை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்போம். அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

"அந்த வாசலப் பாத்து, போயிட்டு வரேன்னு சொல்லும்மா. அதான் மரியாத."

அவள் கைகூப்பி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். பக்கத்தில் மண் சுமந்துகொண்டு நின்ற கூலிக்காரி பாஞ்சாலை பாண்டுச் சட்டியை நழுவவிட்டாள். "அடப்பாவி, உனுக்கு நல்ல சாவு வருமாடா?"

குமரேசன் சிரித்தான். நிலைக்கு அந்தப் பக்கம் சேறு குமிழ் விட்டது. ப்ளக்... அப்புறம் வாயில் மண் அடைத்த குரல்.

"இரு... நானும் வரேன்."

வேறு யாரும் திரும்பவில்லை. அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

இப்போது ஏரிக்கரை வளைவு. பின்பக்க ஸ்பிரிங் கிறீச்சென்று அமுங்கியது. ஹேண்டில் லேசாகிவிட்டது. ஈர மண் வாசனை... அதற்குள்ளே பூசு மஞ்சள் வாசனை. முதுகில் சில்லென்று ஒரு சொட்டு. அவன் திரும்பவில்லை.

ஊர் எல்லையில் மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்திப் பார்த்தான். பாரம் இறங்கவில்லை. வீட்டில் ஆறு மாதப் பிள்ளை. ஒன்றையே பிடித்துக்கொண்டான்: வா என்று யாரும் கூப்பிடாத வரைக்கும் அது வாசப்படி தாண்டாது.

வாசலில் தமிழ்செல்வி, அவன் பெண்டாட்டி. இடுப்பில் பிள்ளை, கையில் மெழுகுவத்தி. பேசாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். நாக்கு எழவில்லை. தலையை ஆட்டினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"யாருங்க இந்தம்மா? சேறும் சகதியுமா... உள்ள வாங்கம்மா."

ஸ்பிரிங் கிறீச்சென்று மேலே எழும்பியது.