அடியிலிருந்து மூன்று மிதி

“அப்பா, அந்த நிலாவுல ஐஸுக்கு அடியில யாராவது மாட்டிக்கிட்டுத் தட்டினா, நமக்குக் கேக்குமா?”

கேட்டது என் நண்பனுடைய மச்சானின் மகள். ஆறு வயது. “கேக்கும்டா கண்ணு. அதுக்குத்தானே அப்பா கருவி செய்யறேன்” என்று சிரித்தாராம் மச்சான். பிறகு அந்தக் கேள்வியை நினைத்து அவர் சிரித்ததே இல்லை...

கிட்டே வந்து உட்காருங்கள். அந்தக் கதவை மட்டும் சாத்திவிடுங்கள்.

தொலைதூரக் கோள் ஒன்றைச் சுற்றும் நிலா அது. மேலே முழுக்கப் பனிக்கட்டி, அடியில் கடல். பனி விரிசல் விடும்போது எழும் அதிர்வைப் பிடித்தால், உள்ளே இருப்பது தெரியும். அதற்கான கருவியை முதலில் உறைந்த ஏரி ஒன்றில் வைத்துச் சோதித்தார்கள். கருவியைப் பார்க்கப் போகிறவர், போய்ச் சேர்ந்ததும் மூன்று முறை மிதிக்க வேண்டும். கிளம்பும்போதும் மூன்று. கரைக் குடிசையில் இருப்பவர் ஹெட்ஃபோனில் கேட்டு, திரையில் பார்த்துக் குறித்துக்கொள்வார். மேலிருந்து மிதித்தால் திரையில் கோடு முதலில் கீழே இறங்கும். அடியிலிருந்து வந்தால் முதலில் மேலே ஏறும். இதை மறக்காதீர்கள்.

மாலை ஆறு மணி. ஏரிக்குள் போகும் ஒற்றைத் தடம். ஆளரவமே இல்லை. மச்சான் அன்று கையுறையைப் பேருந்தில் விட்டுவிட்டார். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. கூட வேலை பார்த்தவரை எல்லோரும் ‘மீசை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர், கேட்பதற்கு முன்பே தன் கம்பளிக் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார்.

“அண்ணே, உங்களுக்கு?”

“எனக்கு மீசை இருக்குடா தம்பி. ரெண்டே நிமிஷம், பேட்டரியப் பாத்துட்டு வந்துடறேன்.”

ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பவர். அவர் மிதி தனி. டப். டப். கொஞ்சம் தாமதித்து... டப்.

மச்சான் குடிசையில் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறே காலுக்கு அந்த மூன்றும் வந்தன. பிறகு நீளமாக ஒரு விரிசல் சத்தம். பிறகு... கீறல். பனி விளிம்பை நகங்கள் கீறும் சத்தம். கம்பளி போட்ட கைக்குப் பிடி கிடைத்திருக்கும். வெறுங்கை வழுக்கும்.

மச்சான் ஓடினார். கறுப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது. பனி உருகிய பின்னும் உடல் கிடைக்கவில்லை. கையுறை தன்னிடம் இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்தவர் கொடுத்த கையோடு மறந்திருப்பார். வாங்கியவருக்குத்தான் தூக்கம் போயிற்று.

மறு குளிர்காலம். அதே குடிசை. மண்ணெண்ணெய் வாடை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆறே கால்.

டப். டப்.

...டப்.

திரையைப் பார்த்தார். கோடு முதலில் மேலே ஏறியிருந்தது.

பிறகு கீறல்... நெடுநேரம்.

திரும்பி வந்தவர்களிடம் சொன்னார். “ஏதாவது மீனா இருக்கும்பா. அதையும் நம்ம ஆபீஸ்ல வேலைக்கு வெச்சுட்டாங்க போல” என்று ஒருவர் சிரித்தார். மறுநாளும் அதே நேரம், அதே மூன்று மிதி, அதே கீறல். அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் மச்சான் பைக்குள்ளிருந்து கையுறையை எடுத்தார். மற்றவர்கள் சாப்பிடப் போனதும் தனியாகப் பனிமேல் நடந்தார். வாய் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கருவியருகே மண்டியிட்டு, கையுறையை வைத்தார்.

“அண்ணே... உங்களோடது. கொண்டு வர நாளாயிடுச்சு.”

குடிசைக்குத் திரும்பி ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டார். ஆறே கால். கீறல் ஆரம்பித்தது... நின்றது. கனமான எதையோ பனிமேல் இழுப்பது போல ஒரு சத்தம்.

பிறகு, டப். டப். ...டப்.

கிளம்பும் மிதி. கோடு முதலில் கீழே இறங்கியது.

விடிந்ததும் மச்சான் மட்டும் போய்ப் பார்த்தார். பனி எங்கும் உடையவில்லை. கையுறையைக் காணோம். வைத்த இடத்தில் இரண்டு உள்ளங்கைத் தடம், கம்பளிப் பின்னல் வரிவரியாக உறைந்து... விரல்கள் கரையைப் பார்த்தபடி.