முன்வரிசை, வலது ஓரம்

— சன்னல் பக்கம் திரும்பாதே. என் முகத்தைப் பாத்துச் சொல்லு. போன ஞாயித்துக்கிழமை எதுக்கு உன் இடத்தை விட்டுப் போனே?

— சும்மா போகலப்பா. கடைசி பெஞ்சுல எனக்கு ஒரு வேலை இருந்துச்சு.

— ஆராதனை நேரத்துல கடைசி பெஞ்சுல என்ன வேலை? பாடகர் குழுவுல உன் இடம் எது?

— முன்வரிசை, வலது ஓரம்.

— யார் வச்ச இடம்?

— நீங்க வச்ச இடம். பெரியம்மா மக அந்த இடத்துக்கு முட்டி மோதிப் பாத்தா, நீங்க அசையவே இல்ல. எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு. என்னைவிட நல்ல குரல் உள்ளவங்க எல்லாம் பின்னால நிக்கிறாங்க.

— குரலுக்காக வைக்கல. நீ ஒருத்திதான் வாயைத் திறந்து பாடறவ. மத்ததெல்லாம் வார்த்தையைப் பல்லுக்குள்ளயே வச்சு மென்னு தின்னுடுதுங்க.

— அப்பா, அந்த இடத்தை அவளுக்கே கொடுத்துடுங்க. நான் குழுவுல இருந்து விலகறேன்.

— இன்னொரு தடவை சொல்லு.

— விலகறேன்ப்பா. ஒரு ஊழியம் ஆரம்பிக்கப் போறேன். காது கேக்காதவங்களுக்காகக் கையால பாடற குழு. பாட்டு, நாடகம், ஜெபம், எல்லாமே கையால. பழக்கம் பண்ண சபையோட பின்னறை வேணும். அந்தச் சாவி உங்ககிட்டதானே இருக்கு? உங்கப்பா சரின்னு சொன்னா எடுத்துக்கோம்மான்னு போதகர் சொல்லிட்டார்.

— ஓகோ. போதகர் வரைக்கும் போயாச்சு. பெத்தவன் கடைசி.

— கஷ்டமானதைக் கடைசியா வச்சுக்கிட்டேன்.

— என்னங்க! டீ ஆறுது, ரெண்டு பேரும் வாங்க.

— அப்பா, அம்மா கூப்பிடறாங்க.

— கூப்பிடட்டும். நீ முடி.

— என்னங்க, உங்களைத்தான்! ம்ஹூம். அப்பாவும் மகளும் பேச உக்காந்துட்டா நான் இந்த வீட்டுல வாடகைக்கு இருக்கறவ மாதிரிதான். இந்தாங்க, இங்கயே வச்சுட்டுப் போறேன். தட்டி விட்டுடாதீங்க.

— நல்லா கேட்டுக்கோ. அந்தப் பள்ளிக்கூடத்துல காது கேக்காத பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறே. நல்ல வேலை. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பாட்டு வேற. சத்தமே இல்லாம என்ன பாட்டு? உப்பு, புளி ஒண்ணும் போடாம குழம்பு வைக்கிற மாதிரி.

— நானும் அப்படித்தான் நினைச்சேன், அந்தத் தையல்காரம்மா கேக்கற வரைக்கும்.

— எந்தத் தையல்காரம்மா?

— நம்ம குழுவுக்கு அங்கி தைச்சவங்க. கடைசி பெஞ்சுல, தூணுக்குப் பக்கத்துல உக்காருவாங்களே. அவங்களுக்குப் பிறவியிலிருந்தே காது கேக்காது. அளவு எடுக்க வந்தப்ப கையாலயே என்கிட்ட கேட்டாங்க. "இத்தனை வருஷமா உங்க எல்லார் வாயையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க வாயைத் திறக்கறீங்க, மூடறீங்க, பக்கத்துல இருக்கறவங்க அழறாங்க. உள்ள என்ன இருக்கு? ஒரு நாளாவது எனக்கும் கொடேன்"ன்னாங்க. அளவு நாடா கழுத்துல தொங்குது, ஊசியை வாயில கவ்விக்கிட்டு இருக்காங்க, கை மட்டும் கெஞ்சுது. அன்னியிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லப்பா.

— உடனே கர்த்தர் கூப்பிட்டுட்டார்னு முடிவு பண்ணிட்டே. உங்களுக்கெல்லாம் சுலபம். அழைப்புன்னு ஒரு வார்த்தையைச் சொல்லிட்டா அப்பன் வாயை அடைச்சுடலாம்.

— உங்க வாயை அடைக்கறது கர்த்தருக்கே பெரும்பாடு. நான் எம்மாத்திரம்?

— சிரிக்காதே. எனக்குச் சிரிப்பு வரல.

— சரி. கேலி இல்ல. உடனே எல்லாம் முடிவு பண்ணல. வேணாம்னு தள்ளிப் பாத்தேன், ஜெபம் பண்ணிப் பாத்தேன். என்ன பண்ணாலும் பாரம் இறங்கல. போன ஞாயிறு அவங்க பக்கத்துல போய் உக்காந்து, நீங்க பாட வைக்க வைக்க ஒவ்வொரு வரியா கையால சொன்னேன். அதுக்குத்தான் போனேன்.

— அந்தம்மா நம்ம வாயைப் பாத்தே புரிஞ்சுக்குமா?

— பேச்சுன்னா ஓரளவு புரிஞ்சுக்குவாங்க. பாட்டுன்னா வார்த்தை மட்டும் தெரியுமாம், பாட்டு தெரியாதாம்.

— அப்படியா சொன்னுச்சு?

— அப்படியேதான் சொன்னாங்க.

— வார்த்தை தெரியும், பாட்டு தெரியாதுன்னு?

— ஆமாம்ப்பா. ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?

— ஒண்ணும் இல்ல. டீயை எடு. நீ இல்லாம அன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?

— தெரியும். கரண்ட் போச்சு, கீபோர்டு நின்னுது, பாடறவங்களும் தடுமாறி நிறுத்திட்டாங்க. நீங்க மட்டும் கடைசி அடி வரைக்கும் கையை வீசி, முடிச்சு, தலை குனிஞ்சு வணங்கிட்டுத்தான் நின்னீங்க. பக்கத்துல இருந்த பாட்டி "மனுஷன் ஆவியில நிறைஞ்சுட்டார்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. போதகர் பிரசங்கத்துலயே சொன்னாரே, சத்தம் நின்னாலும் துதி நிக்கலைன்னு.

— சொன்னார். நான் எங்க முகத்தை வச்சுக்கறதுன்னு தெரியாம நின்னேன்.

— எதுக்கு வெக்கம்? அத்தனை பேரும் மெச்சிக்கிட்டாங்க.

— மெச்சினாங்க. நீ உன் இடத்துல இருந்திருந்தா அப்படி நடந்திருக்காது.

— நான் இருந்தா மட்டும் கரண்ட் போகாதா?

— எதுக்கெடுத்தாலும் வாயாடு. நீ போனா குழு நிக்காது. அவ்வளவுதான்.

— ஏம்ப்பா நிக்காது? நாலு நாள் தேடுவாங்க, அப்புறம் பழகிடும்.

— நிக்காதுன்னா நிக்காது. தரையைப் பாத்து முணுமுணுக்காதே. என்ன சொன்னே?

— உங்களுக்கு மகளைவிட குழுதான் பெருசுன்னு சொன்னேன். அந்தக் குழுவும் உங்களுக்கு அலுத்துப் போச்சுன்னு எனக்குத் தெரியும். முன்னெல்லாம் சாயந்தரம் வந்தா ஆர்மோனியத்தோடதான் இருப்பீங்க. சுதி கொஞ்சம் விலகினாலும் சமையல்கட்டுல இருக்கற அம்மாவைக் கூப்பிட்டு, இது சரியா பாருன்னு தொல்லை கொடுப்பீங்க. இப்ப அது போர்வையை மூடிக்கிட்டுத் தூங்குது. உங்களுக்கே வேணாம்னு போனதுல என்னை எதுக்குப்பா கட்டிப் போடறீங்க?

— வேணாம்னு போகல.

— அப்புறம்?

— விடு.

— விடல. எனக்கு முதல் பாட்டு சொல்லிக் கொடுத்தது நீங்க. தொடையில தாளம் போட்டு, தப்பு பண்ணினா காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்தீங்க. உங்க சாவி இல்லாம வேற இடம் தேடிக்கலாம். பள்ளிக்கூடத்து மரத்தடியில கூட பழகலாம். ஆனா நீங்க "போ"ன்னு ஒரு வார்த்தை சொல்லாம எனக்குக் கை வராது. அந்த வார்த்தைக்காகத்தான் ஒரு மாசமா உங்க பின்னால சுத்தறேன். கூப்பிட்டா திரும்பிக் கூடப் பாக்க மாட்டேங்கறீங்க.

— பின்னால நின்னு கூப்பிடாதே. முன்னால வந்து கூப்பிடு.

— இப்ப முன்னாலதானே இருக்கேன்.

— சரி, எழுந்திரு. ஒண்ணு செஞ்சு காட்டு.

— என்ன பாட்டு?

— நான் மெட்டுப் போட்டது. உங்கம்மாவுக்கு ஆப்பரேஷன் நடந்தப்ப ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து போட்டேனே.

— "விளக்கை அணைக்காதேயும்".

— அதேதான். கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா. இன்னும். அங்கேயே நில்லு. வாயை அசைக்காதே. அதுதானே உன் குழு? இறுக்கி மூடிக்கோ. கை மட்டும்.

— தப்பு வந்தா திட்டக் கூடாது.

— திட்டாம எப்படி இருக்கறது? ஆரம்பி.

— ...

— நில்லு, நில்லு. ரெண்டாவது வரியில அவசரப்படறே. "காற்று"ங்கற இடத்துல கை வளைஞ்சு நீளணும். மூச்சு விடற நேரம் கொடு. முதல்ல இருந்து வா.

— அப்பா! நான் பாடவே இல்ல. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— மெட்டு என்னுது. பேசாதே. வா.

— ...

— ம். ம். அந்த "விளக்கு" வர்ற இடத்துல விரல் ஒண்ணொண்ணா விரியுதே, அங்கதான் சுதி ஏறும். அதை விடாதே. அப்படியே வச்சிரு. இப்ப மெதுவா இறக்கு. மெதுவா. அவ்வளவுதான்.

— அப்பா, எதுக்கு அழறீங்க? அம்மா, இங்க வாங்களேன்!

— அம்மாவைக் கூப்பிடாதே. அவளுக்கே இன்னும் சொல்லல.

— என்ன சொல்லல?

— ஆர்மோனியத்து மேல இருக்கற போர்வையைத் தூக்கு. சாவி அடியில இருக்கு. எடுத்துக்கோ. எடுத்துக்கிட்டுப் போ.

— நெசமாவா? நான் போயிட்டா உங்க குழு?

— பெரியம்மா மக பாத்துக்குவா. அவளுக்குக் காது நல்லா கேக்கும். அந்தத் தையல்காரம்மாவைக் கடைசி பெஞ்சுல விடாதே, உன் அறையில முன்வரிசையில உக்கார வை. வலது ஓரத்துல இன்னொரு நாற்காலி போடு.

— யாருக்குப்பா?

— எனக்குத்தான். ரெண்டு வருஷமா உன் வாயைப் பாத்துத்தான் கையை வீசிக்கிட்டு இருக்கேன் கண்ணு, பாட்டுன்னு ஒண்ணை இப்பத்தான் கேட்டேன்.