ஆளு விழாத தெரு

இல்லய்யா, படம் புடிக்கிற பொட்டியில ஒரு கோளாறும் இல்ல. அதப் போட்டு இம்புட்டுத் தொடச்சு என்ன ஆகப்போகுது. கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான், மருந்தும் நல்ல மருந்துதான். ஊருலதான் கோளாறு. இங்கன நெழல்ல வந்து உக்காருங்க, சொல்றேன்.

நானா, முத்துப்பேச்சி. இந்த உத்தமபாளையம் கடைத்தெருவுலதான் கூடையத் தூக்கிட்டு அலையுறேன். சித்திரையில வெள்ளரிப்பிஞ்சு, இப்பத் தையில மொச்சைக்காய். நீங்க மருதையிலருந்து மொதத் தடவ வண்டி கட்டி வந்தப்ப உங்களுக்கே பிஞ்சு குடுத்தேனே, மறந்துட்டீகளா. உங்க துரைக்கு ஒரே தெருவ வெயில்ல ஒண்ணு, காத்துல ஒண்ணு, மழையில ஒண்ணு, பனியில ஒண்ணு பாக்கணும்னு ஆசைன்னீக. எங்க தெருவுல அப்பிடி என்னத்தக் கண்டாருன்னு நாங்க சிரிச்சோம்.

அன்னைக்கு முக்காலிய நட்டு, கருப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு, யாரும் அசையாதீகன்னு ஒரு சத்தம் போட்டீக பாருங்க. பாதிப்பேரு பயத்துல நின்னாக, பாதிப்பேரு ஆசையில நின்னாக. வண்டிக்கார ராக்கப்பண்ணன் மட்டும் எல்லாருக்கும் மேல படத்துல விழ ஆசப்பட்டு, வண்டிய மேக்கயும் கெழக்கயும் ஓட்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் படத்தச் சாவடிச் சுவத்துல ஒட்டிட்டுப் போனீக. பாத்தா ராக்கப்பண்ணனயும் காணோம், மாட்டையும் காணோம், பொகை மாதிரி ஒரு கோடுதான் கெடக்கு. ஆயுசு முடிஞ்சுபோச்சுன்னு மனுசன் சோறு எறங்காமக் கெடந்தாரு.

அந்த வாரமே கங்காணி வந்தான். மலைமேல பெரியாத்துல அணை கட்டுறாகள்ல, அதுக்கு ஆள் புடிக்கிறவன். அவன் வந்தாலே எங்க ஆளுக, வெள்ளாம வேல கெடக்கு, நிக்கக்கூட நேரமில்லம்பாக. அன்னைக்கும் அதத்தான் சொன்னாக. அவன் சாவடிக்குப் போயி உங்க படத்த உரிச்சாந்து, ஒவ்வொருத்தரு மூக்குக்கு நேராவும் புடிச்சான். நிக்க நேரமில்லன்னியே, இடுப்புல கைய வச்சு நிக்கிறது யாருன்னான். மீச மொதக்கொண்டு படத்துல விழுந்திருக்கு. மொகம் தெரிய நின்ன ஆம்பளையப் பூராம் கூட்டிட்டுப் போயிட்டான். ராக்கப்பண்ணன் பொறுக்கமாட்டாம, நானும் அங்கனதான் இருந்தேன்னு முன்னால போயிருக்காரு. படத்துல இல்லையே, நீ வேலைக்காரன், போயி வேலையப் பாருன்னுட்டான்.

ஆமா, அதுலதான் ஊருக்குப் புத்தி வந்துச்சு. அசஞ்சா படத்துல விழமாட்டோம். விழலேன்னா மலையும் இல்ல.

ஆடியில வந்தீகளே, காத்துல உங்க துணியப் புடிக்கவே உங்களுக்குச் சரியாப்போச்சு, எங்களக் கவனிச்சிருக்க மாட்டீக. தெருவே நடந்துச்சுய்யா. சவரம் பண்ற அம்மாவாசி செரச்சுக்கிட்டே நடந்தாரு, செரைக்க உக்காந்தவரும் பாதித் தாடியோட கூடவே நடந்தாரு. துணிக்கட ராவுத்தரு மொழக்கோலோட கடையச் சுத்திச் சுத்தி வந்தாரு. வரப்புச் சண்டக்காரப் பங்காளிக ரெண்டு பேரு, நின்னு சண்ட போட்டா விழுந்துருவோம்னு நடந்துக்கிட்டே போட்டு, கால் வலியில சமாதானமாயிட்டாக. ஐப்பசி மழையிலயும் இதே கூத்துதான். கோயில் வாசல்ல கும்பிட வந்தவுகளும் கையக் கூப்பிக்கிட்டே முன்னயும் பின்னயும் போயிட்டு வந்தாக. ஆத்தா கோவிச்சுக்கமாட்டான்னு ஒரு தைரியம்தான். நின்னது ஒரு கழுத. அதையும் கங்காணி ஓட்டிட்டுப் போயிட்டான், மண்ணு சொமக்க.

அந்தப் படங்கள்ல ஆளே இல்லாததப் பாத்துத் துரை என்ன கேட்டாரு? பேதி கண்டு ஊரே போயிருச்சான்னா? பாவம்.

அந்தச் சித்திரப் படம் உங்ககிட்ட இருக்கா? எடுங்க. இந்தா, உப்புக்கட வாசல்ல மூஞ்சிய ஒருபக்கமாத் திருப்பிக்கிட்டு நிக்கிறாகள்ல, எல்லாரையும் விடத் தெளிவா, அது எங்க வீட்டு ஆளு. பேரா? நல்லாக் கேட்டீக போங்க. கட்டுனவுக பேர நான் எப்பிடிச் சொல்றது, ராக்கப்பண்ணனக் கேட்டுக்கங்க. அன்னைக்குக் காலையில கொழம்புல உப்பு இல்லேன்னாக. இருக்குன்னேன். அம்புட்டுதான், ஊருக்கே தெரியட்டும்னு போயி உப்புக்கட வாசல்ல நின்னுட்டாக. கோவிச்சுக்கிட்டு நின்னா நான் போயி வாங்கன்னு கூப்பிடணும், கூப்பிட்டா வந்துருவாக. கட்டுன நாள்லருந்து அதான் எங்களுக்குள்ள வழக்கம்.

கூப்பிடத்தான் போனேன். நடுத்தெருவுல இந்தா ஒரு முதுகு தெரியுதுல்ல, கூடையோட, அது நான்தான். அங்கன வரைக்கும் போயிட்டேன். அப்பத்தான் நீங்க அசையாதேன்னு சத்தம் போட்டீக. நானும் மரம் மாதிரி நின்னுட்டேன். அவுக ஓரக்கண்ணால பாத்திருக்காக. பாதித் தூரம் வந்துட்டு வேணும்னே நின்னுட்டாளேன்னு நெனச்சு, நீங்க பொட்டிக் கண்ணாடிக்கு மூடியப் போட்டு, நான் அசையுறதுக்குள்ள விறுவிறுன்னு கூடலூருக்கு, அக்கா வீட்டுக்குக் கெளம்பிட்டாக. கங்காணி அங்கனயே போயிப் புடிச்சுட்டான்.

ஐப்பசியில காய்ச்சல் கண்டு கொஞ்சம் பேரு மலையவிட்டு எறங்கி வந்தாக. இவுக வரல. உசுரோடதான் இருக்காகளாம். வாப்பா ஊருக்குப் போவோம்னு கூப்பிட்டதுக்கு, கூப்பிட வேண்டியவ கூப்பிடலேன்னு சொன்னாகளாம். அதக் கேட்டதும் நானே மலைக்குப் போறதுன்னு கெளம்பிட்டேன்யா.

தனியாப் போனா வழியில விடமாட்டேங்கிறாக, கங்காணி ஆளுன்னாத்தான் வழி. இப்பப் பொம்பளையாளும் எடுக்குறான், சல்லி ஒடைக்க. என்னையும் எடுத்துக்கன்னு போயி நின்னேன். உனக்குத்தான் கூடை இருக்கு, வேல இருக்கே, படத்துல நிக்கிறவுகளத்தான் எடுப்பேன்னான். சித்திரப் படத்துல நிக்கிறேனேன்னேன். அது வெறும் முதுகு, யாரு முதுகுன்னு எவன் கண்டான்னுட்டான்.

அதுக்குத்தான்யா இம்புட்டுப் பேச்சும். எந்திரிங்க, பொட்டிய நட்டு வைங்க. இந்தா, கூடைய எறக்கி வச்சுட்டேன். தெரு நடக்குறபடி நடக்கட்டும். நான் அன்னைக்கு நின்ன எடத்துலயே நிக்கிறேன், மொகத்த உங்க பக்கம் காட்டிக்கிட்டு. இவளாவது வாய மூடுறதாவதுன்னு பாக்காதீக, மூடுவேன். கண்ணச் சிமிட்டலாமா? சரி, சிமிட்டல. மலைக்குப் போயி மிச்சப் பாதியையும் தாண்டி, அவுகள வாங்கன்னு கூப்பிட்டுக்கிறேன். ம், மூடியக் கழத்துங்க.