ஒரு சாண் தைக்காத திரை

ஐயோ, வெறுங்கையால தொடாதீங்க சார், வேர்வை பட்டா கறுத்துடும். உள்ள ஓடறது வெள்ளி நூலு. பாக்க ஜன்னல் திரை மாதிரிதான் இருக்கும், ஆனா செல்ஃபோனு, வைஃபை, ரேடியோ, ஒரு அலையும் தாண்டாது. பக்கத்துல மினுமினுன்னு இருக்கே, அது அலுமினியத் தாள். உடம்புச் சூட்டைப் பாக்கற கேமரா இருக்குல்ல, அதுக்கு. இதுக்குப் பின்னால ஆள் நின்னா தெரியவே தெரியாது.

யாருக்கு, உங்க அம்மாவுக்கா? எதிர்வீட்டுக்காரன் செவுத்து வழியா பாக்கறான்னு சொல்றாங்களா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா? ம்... மாத்திரையைத் துப்பிடறாங்க. தெரியும் சார். என் தம்பி நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டு, முழுங்கிட்டேன் அக்கான்னு வாயைத் திறந்து காட்டுவான், கேடி.

ஆமா, அவனுக்கும் இதேதான். மண்டைக்குள்ள சிக்னல் விடறாங்கன்னு அழுவான். பத்து நாளா தூக்கமில்லாம கண்ணு ரெண்டும் கோவைப்பழம். இதைத் தைச்சு மாட்ட வேணாம்னுதான் டாக்டர் சொன்னார். ஊர்ல இருக்கற லேபுக்கெல்லாம் தைச்சுக் குடுக்கறே, கூடப்பொறந்தவனுக்குத் தைக்க மாட்டியான்னு கேட்டான் பாருங்க, சுருக்குன்னு குத்திருச்சு.

ஒப்புக்கு ஏதாவது துணியை மாட்டியிருக்கலாம், நம்பியிருப்பான். பதினாறு வருஷமா இந்த மெஷின்ல உக்காந்திருக்கேன், அரைகுறையா தைக்க எனக்குக் கை வரல. நாலு செவுரு, கூரை, தரை, கதவுக்கு ரெட்டை மடிப்பு, ஒவ்வொரு மூட்டுக்கும் ரெண்டு வரிசைத் தையல். முடிஞ்சதும் இங்க எப்படிப் பாப்போம்னா, உள்ள ஒரு ஃபோனை வெச்சு மூடிட்டு வெளியிலேருந்து அடிப்போம். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கார்னு ஃபோன்ல வர்ற அந்தப் பொண்ணு சொல்லிட்டா ஒரே கைதட்டல்தான். அவன் ரூமுக்கும் அடிச்சுப் பாத்தேன். அதையேதான் சொன்னா. நானும் அவனும் கை தட்டினோம்.

அன்னிக்குப் பதினஞ்சு மணி நேரம் தூங்கினான் சார். ஒரு வாரத்துல என் சமையலைக் கிண்டல் பண்ண ஆரம்பிச்சுட்டான். முன்ன ஃபோனைக் கண்டாலே நடுங்குவான், இப்ப அதையும் உள்ள பக்கத்துலயே வெச்சுக்கிட்டான். பேசணும்னா ஹாலுக்கு வருவான். பொய் சொல்லக்கூடாது, என் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

அதனால தைக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா ஜன்னலுக்குக் கீழ ஒரு சாண் தைக்காம விடுவேன். மேல சாதாரணத் துணியை ஒட்டிடறேன், அம்மாவுக்குத் தெரியாது. இல்ல சார், முழுசா மூடணும்னா வேற ஆளைப் பாத்துக்கோங்க. ஆமா, சிக்னல் உள்ள வரும். வரட்டும். வெளியவும் போகும்ல?

கோபமில்ல சார், உக்காருங்க.

வீட்ல நானும் அவனும்தான். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் நான் இங்கதான் இருந்தேன், ஃபோன் இதோ, இந்தக் கத்தரிக்கோல் பக்கத்துல. ஒரு தடவைகூட கூப்பிடலையே, நல்லா தூங்கறான் போலன்னு சந்தோஷமா தைச்சுக்கிட்டிருந்தேன். அங்க அவனுக்கு நெஞ்சுவலி. நான் வீட்டுக்குப் போறப்ப கதவுக்கு நாலடி தள்ளிக் கிடந்தான். அப்புறமா அவன் ஃபோனைத் திறந்து பாத்தேன். இருபத்திமூணு தடவை அடிச்சிருக்கான், எல்லாம் என் நம்பருக்கு.

தையல் ஒரு இடத்துலயும் விடல சார்.

சரி, ரூம் அளவு சொல்லுங்க. ஜன்னல் எந்தப் பக்கம்?